வெள்ளரிக்காய் சாண்ட்விச்: மும்பை வீட்டு மாலை டீக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் பஜனைக் குழு மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். பல வருடம் பஜ்ஜியும் போண்டாவுமாக ஓடியது. பிறகு பாதிப் பேருக்கு டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்படித்தான் டீயோடு வெள்ளரிக்காய் சாண்ட்விச் வந்து சேர்ந்தது. (வெண்ணெய் மட்டும் என்னவாம் என்று கேட்காதீர்கள், அதற்கும் கீழே பதில் இருக்கிறது.) அன்றிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிரெட்டில் வெண்ணெய் தடவி வெள்ளரிக்காயை வைக்க வேண்டியதுதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை செய்தது ஒரு ஜூலை மாதம், வெளியே கொட்டுகிற மழை. ஐந்து மணிக்கு வருகிறவர்களுக்காக இரண்டு மணிக்கே செய்து, அடுக்கி, மூடி வைத்துவிட்டேன். திறந்தபோது தட்டில் தண்ணீர் நின்றது. கீழ்வரிசை பிரெட் கையில் எடுக்க வரவில்லை. எங்கள் குழுவின் மூத்த மாமி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா, தயிர்வடை மாதிரி ஊறப் போட்டிருக்கியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். இரவு தூக்கம் வரவில்லை.

வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். 200 கிராம் காய் ஒன்றை நறுக்கினால் 190 கிராம் தண்ணீரை நறுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் பிரெட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பலகாரத்தின் மொத்த வேலையும். கீழே நான் சொல்லும் எதையாவது மறந்துவிட்டால், "இது தண்ணீரைக் கூட்டுமா குறைக்குமா" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், பதில் கிடைத்துவிடும்.

எந்த வெள்ளரிக்காய் வாங்குவது? பாஜிவாலாவிடம் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் உண்மைதான். மராத்தியில் காக்டி என்றால் நம் வெள்ளரிக்காய். இந்தியில் வெள்ளரிக்காய்க்குக் கீரா என்று பெயர், ககடி என்பது நீளமாக, பாம்பு மாதிரி வளைந்து, மேலே வரி வரியாக இருக்கும் வேறொரு காய். பச்சையாகக் கடித்துத் தின்ன அது அருமையானது. ஆனால் குறுக்கே நறுக்கினால் வட்டம் சின்னதாக வரும், சாண்ட்விச்சை நிரப்புவதற்குள் பொறுமை போய்விடும்.

மும்பையில் எங்கும் கிடைக்கும் வெளிர்பச்சைக் காக்டி போதும். ஒல்லியாக, கெட்டியாக, நடுவில் உப்பாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். வயிறு பெருத்த காயில் விதை முற்றியிருக்கும், விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில்தான் தண்ணீர் அதிகம். அப்படிப்பட்டதுதான் கிடைத்தது என்றால் நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் விதையைச் சுரண்டி எறிந்துவிட்டு, பிறை வடிவில் நறுக்கிக்கொள்ளலாம். பெரிய கடைகளில் பிளாஸ்டிக் சுற்றி விற்கும் கரும்பச்சை இங்கிலீஷ் வெள்ளரியில் தோல் மெல்லிசு, விதை பெயருக்குத்தான் இருக்கும். விலை கூட. நாலு பேருக்கு என்றால் அதை வாங்குவேன், இருபது பேருக்கு என்றால் காக்டிதான்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் மஞ்சளாக, உருண்டையாக ஒன்று இருக்கும், சாம்பார் வெள்ளரி. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அதை வாங்கிவந்து நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது குழம்புக்கும் கூட்டுக்கும்தான்.

பழுத்ததும் வேண்டாம். மிருத்யுஞ்ஜய மந்திரத்தில் "உர்வாருகமிவ பந்தனாத்" என்று வருகிறதே, காம்பிலிருந்து வெள்ளரிப்பழம் தானாக விடுபடுவது போல என்று. அந்தப் பக்குவம் மோட்சத்துக்குச் சரி, சாண்ட்விச்சுக்குப் பிஞ்சாக இருக்க வேண்டும்.

நுனியை வெட்டி நுரை வரத் தேய்த்தால் கசப்பு போய்விடுமா?

நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான், நானும் கை பழகிப்போய்ச் செய்கிறேன். ஆனால் காய் முழுக்கக் கசந்தால் தேய்த்துப் பயனில்லை. கசப்பைத் தருவது குகுர்பிடாசின் என்ற பொருள். அது காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் சேரும். எனவே காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்து, தோலைச் சற்றுத் தடிமனாகச் சீவிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒவ்வொரு காயிலும் ஒரு வில்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நறுக்குங்கள். அப்புறமும் கசந்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு மெல்லிசாக நறுக்குவது?

வில்லையின் கீழே கத்தி நிழலாகத் தெரிய வேண்டும், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். வாழைக்காய் சிப்ஸ் சீவும் கட்டை வீட்டில் இருக்குமே, அதுவே சிறந்த கருவி. கடைசித் துண்டைச் சீவும்போது விரல் பத்திரம். தடிமனாக நறுக்கினால் கடிக்கும்போது முழு வில்லையும் பல்லோடு வந்துவிடும், கையில் வெறும் பிரெட் மிஞ்சும்.

உப்புப் போட்டு வைத்தே ஆகவேண்டுமா?

உடனே செய்து உடனே சாப்பிடுவதாக இருந்தால் தேவையில்லை. துணியில் ஒற்றி எடுத்தாலே போதும். அரைமணிக்கு மேல் ஆகும் என்றால் கட்டாயம் வேண்டும்.

இரண்டு நடுத்தரக் காய்க்கு அரை டீஸ்பூன் உப்பு. வில்லைகளில் தூவிப் பிசறி, வடிதட்டில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். உப்பு வெளியே இருப்பதால் காய்க்குள் இருக்கும் தண்ணீர் அதைத் தேடி வெளியே வரும். மாவடுவுக்கு உப்புப் போட்டால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்குமே, அதே சங்கதிதான். கீழே அரை டம்ளர் தண்ணீர்கூடச் சேர்வதுண்டு. பிறகு ஒரு சுத்தமான துண்டில் வில்லைகளைப் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். பிழியாதீர்கள், பிழிந்தால் பச்சடிக்குத்தான் ஆகும். துணி ஈரமாகிவிட்டால் மாற்றி, இன்னொரு தடவை அழுத்துங்கள். இந்த இரண்டாவது அழுத்தலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வெண்ணெயிலும் உப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வில்லையைத் தின்று பார்த்து உப்புக் கரித்தால், தண்ணீரில் ஒரு நொடி அலசிவிட்டு ஒற்றுங்கள்.

பிரெட்?

சாதா வெள்ளை சாண்ட்விச் பிரெட். மும்பைக்காரர்களுக்கு விப்ஸ் பழகிய பெயர், பிரிட்டானியாவோ மாடர்னோ இருந்தாலும் சரி. மில்க் பிரெட் வேண்டாம், இனிக்கும். அன்றைக்கு வந்த பிரெட் மிருதுவாக இருந்தாலும் நறுக்கும்போது நசுங்கும், எனக்கு முதல்நாள் பிரெட்தான் பிடிக்கும். கோதுமை பிரெட்டில் செய்தால் வயிற்றுக்கு நல்லது என்பார்கள். செய்யுங்கள், ஆனால் வெள்ளரிக்காயின் மெல்லிய வாசம் கோதுமையிடம் தோற்றுவிடும். அதற்குச் சட்னி சேர்த்த வகைதான் பொருந்தும்.

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால், வெளியே இருப்பதைவிட அங்கேதான் பிரெட் சீக்கிரம் வறட்டிப்போகிறது. மழைக்காலத்தில் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பூசணம் பூக்கும் என்பதும் உண்மை. ஆகவே வேண்டிய அன்றோ முதல்நாளோ வாங்குவதே வழி.

வெண்ணெய் இவ்வளவு தேவையா? மேலாகத் தடவினால் போதாதா?

போதாது. ருசி அப்புறம், முதலில் அது மழைக்கோட்டு. கொழுப்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பதால், வெண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் ஈரம் பிரெட்டுக்குள் இறங்காது. அதனால்தான் இரண்டு துண்டிலும், நான்கு ஓரமும் தொடும்படி தடவச் சொல்கிறேன். நடுவில் மட்டும் தடவி ஓரத்தை விட்டால், குடையை விரித்துக்கொண்டு காலை நனைப்பது மாதிரி.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் அமுல் கட்டியை அரைமணி வெளியே வைக்கலாம். மே மாதம் பத்து நிமிடம் தாண்டினால் ஓட ஆரம்பித்துவிடும். உருகிய வெண்ணெயைத் தடவவே கூடாது. அது பிரெட்டுக்குள் ஊறிப் போய்விடும், மேலே படலமாக நிற்காது. அவசரத்தில் அடுப்பில் காட்டி உருக்கியவர்கள் எல்லோரும் பிறகு எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, பிசைந்து, நீரை வடித்துவிட்டு உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வெண்ணெய் கூடாது என்று சொல்லியிருக்கிறார். என்ன செய்வது?

கெட்டித் தயிரை மல் துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் தொங்கவிடுங்கள். அரைக் கிலோ தயிரில் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும், ஆனால் வெண்ணெய் மாதிரி தடவ வரும். உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய புதினா சேர்த்தால் ருசியும் குறையாது. ஒன்று, இது வெண்ணெயைப் போல ஈரத்தைத் தடுக்காது, அதிலேயே ஈரம் இருக்கிறது. செய்த அரைமணிக்குள் தட்டு காலியாக வேண்டும்.

அடுக்குவது எப்படி, வெட்டுவது எப்படி?

வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, ஓடு வேய்வது போல இரண்டு வரிசை. மேலே கொஞ்சம் மிளகு. மூடி, உள்ளங்கையால் மெதுவாக ஒரு அழுத்து. நாலைந்து சாண்ட்விச்சை ஈரத்துணியில் சுற்றி அரைமணி ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ரம்பப்பல் கத்தியால், அழுத்தாமல், அறுத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். விரல் மாதிரி மூன்றாகவோ முக்கோணமாக நான்காகவோ, உங்கள் இஷ்டம்.

ஓரத்தை வெட்டித்தான் ஆகவேண்டுமா? மனசு வரவில்லை.

எனக்கும் வராது. ஆனால் ஓரம் இருந்தால் வாயில் முதலில் படுவது அதுதான், வெள்ளரிக்காயின் மென்மை காணாமல் போகிறது. வெட்டிவிடுங்கள், எறியாதீர்கள். மறுநாள் காலை கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, அந்த ஓரங்களைக் கிள்ளிப்போட்டுப் பிரெட் உப்புமா செய்தால் எங்கள் வீட்டில் சாண்ட்விச்சைவிட அதற்குத்தான் கிராக்கி. ஒரு விஷயம்: ஓரத்தைக் கடைசியில், வெண்ணெய் தடவி அடுக்கியபிறகு வெட்டுங்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே அளவாக வரும், ஓரத்திலும் வெண்ணெய் ஒட்டியிருக்கும். உப்புமாவுக்குத் தனியாக எண்ணெய்கூட அதிகம் வேண்டாம்.

பச்சைச் சட்னி தடவினால் அது பாம்பே சாண்ட்விச் ஆகிவிடாதா?

ஆகாது. பாம்பே சாண்ட்விச்சில் உருளைக்கிழங்கு, பீட்ரூட், தக்காளி, வெங்காயம் எல்லாம் உண்டு, மேலே மசாலாப்பொடி தூவுவார்கள். அது ஒரு வேளைச் சாப்பாடு. நாம் செய்வது டீக்குத் துணை. ஆனால் சட்னி வைத்ததும் வெள்ளரிக்காய் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும் என்பது உண்மை, அது தெரிந்தே செய்யுங்கள். எங்கள் குழுவில் பத்துக்கு ஏழு பேர் சட்னி கட்சி. நான் வெறும் வெண்ணெய்க் கட்சி.

ஸ்டேஷன் வாசலில் சாண்ட்விச்வாலா செய்வதை ஒருநாள் நின்று கவனியுங்கள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் முதலில் அமுல், அதன்மேல்தான் சட்னி. யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை, ஆனால் நான் மேலே மழைக்கோட்டு என்று எழுதியதை அவர் கை செய்துகொண்டிருக்கிறது.

சட்னிக்கு: ஒரு கட்டு கொத்தமல்லி, அதில் பாதி புதினா, இரண்டு மூன்று பச்சைமிளகாய், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. தண்ணீருக்குப் பதில் இரண்டு ஐஸ் கட்டி போட்டு அரைத்தால் மிக்ஸி சூட்டில் நிறம் கறுக்காது. பொட்டுக்கடலை நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும். இட்லிச் சட்னி பதத்தில் அரைத்துவிடாதீர்கள், கரண்டியிலிருந்து விழாத பதம் வேண்டும்.

ஹை டீ என்கிறார்களே, அதற்கு இதுதானா?

ஓட்டல்கள் அப்படித்தான் சொல்கின்றன. கொலாபாவில் தாஜ் ஓட்டலின் சீ லவுஞ்சில்கூட அந்தப் பெயரில்தான் தருகிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஹை டீ என்பது தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து மாலையில் உட்கார்ந்து சாப்பிடும் வயிறு நிறைந்த உணவு. வெள்ளரி சாண்ட்விச் போனது பிற்பகல் டீக்கு. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, மதியச் சாப்பாட்டுக்கும் இரவு விருந்துக்கும் நடுவே பசி தாங்காமல் ஆரம்பித்த வழக்கம் என்று சொல்வார்கள். நாலு மணிக்கு நமக்கு வரும் அதே பசிதான், நாம் அதற்கு டிபன் என்று பெயர் வைத்தோம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. வெள்ளரிக்காயின் பூர்வீகமே இந்தியா, இமயமலை அடிவாரத்தில் அதன் காட்டு இனம் இன்றும் இருக்கிறது. குளிர்தேசத்தில் அதை வளர்க்கக் கண்ணாடி வீடு கட்ட வேண்டியிருந்தது. பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-ல்தான் நீங்கியது. அப்படி அருமையாக வளர்ந்த காயை மெல்லிசாகச் சீவி வைப்பது அங்கே அந்தஸ்து. நமக்கு ரயில் ஜன்னலில் கிடைத்த காய்.

எவ்வளவு முன்னால் செய்து வைக்கலாம்? டோம்பிவிலி வரை கொண்டுபோக வேண்டும்.

ஃபிரிட்ஜில், ஈரத்துணி சுற்றி, மூன்று மணி நேரம் வரை நன்றாக இருக்கும். துணியை நனைத்து முறுக்கிப் பிழிந்துவிட வேண்டும், சொட்டக் கூடாது. துவைத்த பழைய வேட்டித் துணி இதற்கு அமைந்தது மாதிரி வேறெதுவும் இல்லை. வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம், ஏப்ரல் மே வெயிலில் ஒரு மணி நேரம், அதற்குமேல் வைத்துப் பரிமாறாதீர்கள்.

டோம்பிவிலிக்கு லோக்கலில் போகிறீர்கள் என்றால் என் யோசனை, சாண்ட்விச்சாகக் கொண்டுபோகாதீர்கள். வெண்ணெய் தடவிய பிரெட்டை ஜோடி சேர்த்து ஒரு டப்பா, ஒற்றி எடுத்த வெள்ளரி வில்லைகளை உலர்ந்த துண்டில் சுற்றி இன்னொரு டப்பா. கூட்டத்தில் நசுங்கினாலும் பாதகமில்லை, போன இடத்தில் பத்து நிமிடத்தில் அடுக்கிவிடலாம்.

பன்னிரண்டு பேருக்கு அளவு சொல்லுங்கள்.

கூட வேறு ஏதாவது ஒரு பலகாரம் இருந்தால் ஆளுக்கு நாலு முக்கோணம். அதாவது 12 சாண்ட்விச், 24 துண்டு பிரெட். இரண்டு முனையிலும் இருக்கும் தோல் துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளரிக்காய் நாலு, வெண்ணெய் 150 கிராம். சுண்டலோ கேசரியோ இல்லாமல் இது மட்டும்தான் என்றால் ஒன்றரை மடங்கு.

பக்கத்து வீட்டில் ஜெயின்கள். அவர்களுக்குக் கொடுக்கலாமா?

வெங்காயம், பூண்டு, உருளை இல்லாததால் பெரும்பாலும் சரிதான். ஆனால் பர்யுஷண நாட்களில் பச்சைக் காய்கறியே தொடாதவர்கள் பலர். ஈஸ்ட் போட்டது என்று பிரெட்டைத் தவிர்ப்பவர்களும் உண்டு. சூரியன் மறைந்தபின் சாப்பிடாத வீடு என்றால் ஐந்து மணிக்கே அழைத்துவிடுங்கள். கேட்டுவிட்டுச் செய்வதில் வெட்கமே இல்லை, அவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

கொலுவுக்கு வைக்கலாமா?

அம்பாளுக்குச் சுண்டல், வந்தவர்களுக்கு சாண்ட்விச். இரண்டையும் குழப்பாதவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

டீதான் குடிக்க வேண்டுமா? எங்களுக்குக் காபி இல்லாமல் முடியாது.

ஃபில்டர் காபியின் முன்னால் வெள்ளரிக்காய் நிற்காது, ஒரு வாய் குடித்ததும் நாக்கில் காபி மட்டும்தான் இருக்கும். முதலில் சாண்ட்விச், பிறகு காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீயில் பாலில்லாத நீலகிரி டீ பொருத்தம், லேசாக, எலுமிச்சை பிழிந்தோ பிழியாமலோ. சட்னி வகைக்கு இஞ்சி தட்டிய கட்டிங் சாய் சரியான ஜோடி. மழைக்காலத்தில் இங்கே எலுமிச்சைப்புல் கட்டுக் கட்டாக விற்கும், மராத்தியில் கவ்தி சஹா என்பார்கள். அதில் இரண்டு தாள் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்ட டீ எந்த வகைக்கும் சேரும்.

மிஞ்சிவிட்டால்?

அன்று இரவுக்குள் தீர்க்க வேண்டும். அப்படியே டோஸ்ட் செய்யாதீர்கள், சூடான வெள்ளரிக்காய் யாருக்கும் பிடிக்காது. பிரித்து, வில்லைகளைப் பொடியாக நறுக்கித் தயிரில் போட்டால் பச்சடி. உப்பு ஏற்கெனவே இருக்கிறது, சேர்க்க வேண்டாம். வெண்ணெய் தடவிய பிரெட்டைத் தோசைக்கல்லில் முறுகலாகப் போட்டு எடுங்கள்.